கைகள் மேசைமேல் இருக்கட்டும்

செவ்வாய், பாரிஸ்

லா ஷப்பேல் பகுதியில் அறை எடுத்திருக்கிறோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம், ஃபோபூர் சான் தெனி தெருவில் நடந்தால் புடவைக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்ப்பலகை. எண்பதுகளிலிருந்து வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலும் அருகில்தான். அதனால் பாரிஸில் எங்கள் முதல் சாப்பாடு இடியப்பமும் சொதியும். மனைவி சுத்த சைவம். நான் எதையும் விடுவதில்லை. இந்த இரண்டு வயிறுகளையும் கூட்டிக்கொண்டு பாரிஸ், லியோன், மார்சேய் என்று சாப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். கோபுரமும் அருங்காட்சியகமும் இந்தக் குறிப்புகளில் அதிகம் வராது.

திருச்சியில் எங்கள் தெருவில் சில காலம் குடியிருந்த யாழ்ப்பாணக் குடும்பத்தின் பிள்ளை ஒருவர் இங்கே பல வருடமாக உணவகங்களில் சமைக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் பார்க்க வந்தவர், முதலில் சொன்னது இதைத்தான்: "அண்ணை, இஞ்ச ஒரு கடைக்குள்ள கால் வைச்ச உடனை பொன்ழூர் எண்டு வணக்கம் சொல்லோணும். அதைச் சொல்லாட்டி நீங்கள் உள்ளுக்கு வந்ததாகவே அவையள் கணக்கெடுக்க மாட்டினம்."

மாலையில் அதைக் கண்ணால் பார்த்தேன். ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு இளைஞர். நேராகக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "ரெண்டு குரோசோன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கல்லாவில் இருந்த அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. "பொன்ழூர் முஸ்யூ" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இளைஞர் மறுபடியும் விரலைக் காட்டினார். மறுபடியும் "பொன்ழூர்". மூன்றாவது முறை அவருக்கு உறைத்தது, பதில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை, சேர்த்துவைக்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிருந்தது, சேர்த்தாயிற்று, வியாபாரம் தொடர்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று ஊரில் பேசிக்கொள்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் போனவர்களாக இருப்பார்கள் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.

ரொட்டி பற்றி ஒரு சேதி. பாரிஸ் மாநகராட்சி ஆண்டுதோறும் சிறந்த பாகெத்துக்கு, அதாவது நீளக் குச்சி ரொட்டிக்கு, போட்டி நடத்துகிறது. 2023-இல் முதலிடம் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர். கடை இருபதாம் வட்டாரத்தில். பரிசு 4,000 யூரோ, கூடவே ஓராண்டுக்கு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமை. கடைக்குப் போனால் 'த்ரதிஸியோன்' என்று கேட்டு வாங்குங்கள். 1993-ஆம் ஆண்டு அரசாணைப்படி அந்தப் பெயரில் விற்கும் ரொட்டிக்குள் வேதிச் சேர்மானம் எதுவும் கூடாது, மாவை எந்தக் கட்டத்திலும் உறையவைக்கவும் கூடாது. நடுவில் ஒரு துண்டுக் காகிதம் சுற்றித் தருவார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் நுனியைக் கடித்துத் தின்பது எல்லா வயதினருக்கும் அனுமதிக்கப்பட்ட அநாகரிகம்.

புதன், பாரிஸ்

இங்கே பசிக்கு நேரம் உண்டு. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, ராத்திரி ஏழரைக்கு மேல். நடுவில் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். நம்மூரில் நாலு மணிக்குப் போனாலும் ஒரு பரோட்டா கிடைக்கும் என்ற நினைப்பில் சுற்றினால் பட்டினிதான். யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்ன மாதிரி, "ரெண்டு மணிக்குப் பிறகு குசினி பூட்டு." வாசலில் இடைவெளி இல்லாத சேவை என்று எழுதிப் போட்டிருக்கும் பிராசரி வகை உணவகங்கள் மட்டும் விதிவிலக்கு.

மதியம் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் பூயோன் ஷார்த்தியே. தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் சூடான சாப்பாடு கொடுப்பதற்காக 1896-இல் தொடங்கிய இடம். கண்ணாடிக் கூரை, பித்தளைக் கம்பிகள், சுவரெல்லாம் ஆடி. 1989-இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள், விலை மட்டும் இன்னும் தொழிலாளி விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுவரோரம் எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள். அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் தாங்கள் சாப்பிடும்போது வாய் துடைக்கும் துணியை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். வரிசையில் நின்றுதான் போகவேண்டும். தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். எங்களோடு உட்கார்ந்த வயதான தம்பதி உட்காரும்போது ஒரு பொன்ழூர், எழும்போது ஒரு வணக்கம். இடையில் எங்கள் தட்டைக்கூடப் பார்க்கவில்லை. எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்காத பக்கத்து இலைக்காரரை என் வாழ்க்கையில் இப்போதுதான் சந்திக்கிறேன்.

சர்வர் கறுப்பு அரைச்சட்டை, வெள்ளை ஏப்ரன். சொன்னதையெல்லாம் மேசை விரித்திருந்த காகிதத்திலேயே கிறுக்கிக்கொண்டார். கடைசியில் அதே இடத்தில் கூட்டல் கணக்கும் போட்டார். அவரைக் கூப்பிடக் கை தட்டுவதோ விரல் சொடுக்குவதோ கூடாது. 'கார்சோன்' (பையா) என்று அழைப்பதெல்லாம் பழைய காலம். கண்ணைப் பிடிக்கவேண்டும், பிடித்தால் "முஸ்யூ, சில் வூ ப்ளே" (ஐயா, தயவுசெய்து). இது இங்கே ஒரு தொழில். படிப்பு முடிக்கும்வரை பார்க்கும் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. நரைத்த தலைகள்தான் அதிகம்.

தெரிந்துகொள்ள வேண்டியது: அட்டையில் 'மெனு' என்றால் மொத்த விலைக்கு இரண்டோ மூன்றோ கட்டமாக வரும் சாப்பாடு. தனித்தனி விலை போட்டிருப்பதற்குப் பெயர் 'கார்த்'. 'ஆந்த்ரே' என்பது முதலில் வருவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு முக்கிய உணவு என்று பொருள், அங்கேயிருந்து வருபவர்கள் குழம்பிப்போகிறார்கள். தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், காசு. "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், இலவசம். 2022 முதல் இது கிடைக்கும் என்று உணவகங்களே எழுதி வைக்கவேண்டும் என்பது சட்டம். ரொட்டிக்கும் காசு இல்லை.

திருச்சி நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்டார், டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்று. அட்டையில் போட்ட விலைக்குள்ளேயே சேவைக் கட்டணமும் வரியும் அடக்கம், சட்டம் அப்படி. மனசுக்குப் பிடித்திருந்தால் சில்லறையாக ஒன்றிரண்டு யூரோ விட்டுவரலாம், விடாவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. காப்பிக் கடைகளில் வேறொரு கணக்கு: பல இடங்களில் கல்லா ஓரம் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் கூடுதல் விலை. நாற்காலிக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒரு சின்ன பிஸ்த்ரோ உணவகம். என் தட்டு காலியாகிக் கத்தியையும் முள்கரண்டியையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்துவிட்டேன். அது 'முடிந்தது' என்பதற்கு அடையாளம். எடுக்க வரவில்லை. மனைவி மெதுவாகச் சாப்பிடுகிறவள். அவள் முடித்த பிறகுதான் இரண்டு தட்டும் ஒன்றாகப் போயின. ஒருவர் தின்னும்போது இன்னொருவர் முன்னால் வெறும் மேசை இருந்தால், அவரை அவசரப்படுத்துவது போலாகிவிடுமாம். சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியும் பில் வரவில்லை. மனைவிக்குப் பொறுமை போயிற்று. வேலை முடிந்து வந்து சேர்ந்திருந்த தம்பி சிரித்தார். "நீங்கள் கேட்காமல் கொண்டு வந்தால் எழும்பிப் போங்கோ எண்டு சொன்ன மாதிரி, அக்கா. அந்த மேசை இண்டைக்கு ராத்திரி முழுக்க உங்கடதான்." எங்களைக் கவனிக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் கணக்கில் உபசாரம்.

வியாழன், ரயில்

பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து லியோன் ஊருக்கு அதிவேக ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பெட்டியில் பேச்சே இல்லை. தொலைபேசி வந்தால் எழுந்து இரண்டு பெட்டிக்கு நடுவில் போய் நின்று பேசுகிறார்கள். எதிர் இருக்கைக்காரர் பன்றிக்கறியும் வெண்ணெயும் வைத்த பாகெத்தைப் பிரிப்பதற்கு முன் எங்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். லியோன் பார் தியு நிலையத்தில் அக்கா மகள் காத்திருந்தாள். இங்கேதான் படித்தாள், இங்கேயே வேலை.

வெள்ளி, லியோன்

இந்த ஊர் பிரான்ஸின் அடுக்களை. அதுவும் பெண்களால் பெயர் பெற்ற அடுக்களை. பட்டு முதலாளிகளின் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் பிற்பாடு தனியாகக் கடை போட்டார்கள், 'அம்மா' என்ற பட்டத்தோடு. அவர்களில் எழெனி பிராசியே கிராமத்துப் பண்ணையில் வளர்ந்தவர். 1921-இல் ருவாயால் தெருவில் கடை திறந்தார். 1933-இல் தம் இரண்டு உணவகங்களுக்கும் மிஷலன் உணவக வழிகாட்டியின் மூன்று மூன்று நட்சத்திரம் வாங்கினார். அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் போல் பொக்கூஸ் இளம் வயதில் இவரிடம் தொழில் பழகியவர். சந்தையில் பொக்கூஸின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

'பூஷோன்' என்ற சின்ன உணவகங்கள் இந்த ஊருக்கே உரியவை. கட்டம் போட்ட மேசைவிரிப்பு, 46 சென்டிலிட்டர் பிடிக்கும் அடி கனத்த மது பாட்டில், தட்டு நிறையக் குடல், ஈரல், நாக்கு. பன்றியின் தலை முதல் கால்வரை வீணாக்காத கிராமத்துச் சமையல். இங்கே ஒரு சைவக்காரியை அழைத்துப்போவது எப்படி? அக்கா மகள் தொலைபேசியில் மேசை சொல்லும்போதே விளக்கிவிட்டாள்: கறி இல்லை, மீன் இல்லை, எலும்புச் சாறும் இல்லை. கடைசிச் சொல்தான் முக்கியம். கறி இல்லை என்று மட்டும் சொன்னால் பன்றிக்கொழுப்புத் துணுக்கு தூவிய கீரையைச் 'சைவ சாலட்' என்று நல்ல மனதோடு கொண்டுவருகிறவர்கள் உண்டு.

கடைக்கார அம்மா மேசைக்கே வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். சூப் வேண்டாம், அதில் கோழிச்சாறு இருக்கிறது. பயறு சாலட் சரி. உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்ட கிராத்தான் சரி, பாலும் க்ரீமும்தான். 'செர்வெல் த கனு' கட்டாயம் சாப்பிடவேண்டும். இதற்கு நெசவாளியின் மூளை என்று பெயர், ஆனால் உள்ளே இருப்பது பூண்டும் மூலிகையும் அடித்துக் கலந்த கெட்டித்தயிர் மாதிரியான பாலாடை. மனைவி பெயரின் பொருளைக் கேட்டுப் பின்வாங்கினாள், ருசித்துவிட்டு இரண்டாம் கிண்ணம் கேட்டாள்.

"இதில் கொஞ்சம் மிளகாய் போடச் சொல்லலாமா?" என்று நான்தான் கேட்டேன். அக்கா மகள் குரலைத் தாழ்த்தினாள். "மாமா, ஒவ்வாமை, விரதம்னா என்ன வேணும்னாலும் சொல்லலாம், மதிப்பாங்க. ருசியை மாத்தச் சொல்லாதீங்க. சமைக்கிறவர் வேலையில கை வைக்கிற மாதிரி." எனக்கு இது முழுக்க ஒப்புதல் இல்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு உப்பு கூட்டிக்கொள்ளும் உரிமையாவது வேண்டாமா? ஆனால் தட்டு வந்தபோது மிளகாய் ஞாபகம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் பிரெஞ்சு முறை என்று நாம் நினைக்கிறோம் இல்லையா? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை இங்கே பெரிய வீட்டு விருந்துகளில் நம் பந்தி இலை மாதிரி நிறைய உணவுகளை ஒரே நேரத்தில் பரப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் 'பிரெஞ்சுப் பரிமாறல்'. வரிசையாகச் சுடச்சுடக் கொண்டுவருவது ரஷ்ய வழக்கம். நெப்போலியன் காலத்தில் பாரிஸில் இருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் விருந்துகளில் அறிமுகமானதாகச் சொல்கிறார்கள். இன்று உலகம் முழுக்க பிரெஞ்சு நாகரிகம் என்று விற்பது அந்த ரஷ்ய வரிசையை.

ஞாயிறு, லியோன்

பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். குருவா ரூஸ் மேட்டில் அக்கா மகளின் தோழி வீட்டில் மதிய விருந்து. இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள்.

பன்னிரண்டரைக்கு அழைப்பு. பன்னிரண்டு இருபதுக்கே தெருமுனைக்கு வந்துவிட்டோம், ஆனால் பன்னிரண்டே முக்கால்வரை அக்கா மகள் மணி அடிக்கவிடாமல் எங்களைத் தெருவில் நிற்கவைத்தாள். வீட்டுக்காரர்களுக்குக் கால் மணி நேரம் மூச்சுவிட இடம் கொடுப்பது மரியாதை. பூக்கடையில் எனக்குப் பிடித்த சாமந்திக் கொத்தை எடுக்கப் போனபோதும் தடுத்தாள். நவம்பர் முதல் தேதி கல்லறைகளில் வைக்கும் பூவாம் அது. டாலியா வாங்கினோம். கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஊரிலிருந்து கொண்டுவந்தது. தோழியின் அம்மா வாங்கிய கையோடு பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்! கொடுத்தவர் எதிரிலேயே பிரித்து மகிழ்வதுதான் இங்கே முறை. நாம் அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவோம். இவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரியுமாம்.

முதலில் கூடத்தில் அப்பெரித்தீஃப், சாப்பாட்டுக்கு முந்திய பானம். எனக்குக் காசிஸ் என்ற கறுஞ்சிறுபழ மது கலந்த வெள்ளை ஒயின், மனைவிக்குப் பழச்சாறு. எல்லோர் கையிலும் கோப்பை வரும்வரை யாரும் உதட்டில் வைக்கவில்லை. "சாந்தே" என்று இடித்துக்கொள்ளும்போது கண்ணைப் பார்க்கவேண்டும், ஒருவர் கைக்குக் குறுக்கே இன்னொருவர் கை போகக்கூடாது.

மேசைக்கு வந்ததும் யார் எங்கே என்று வீட்டம்மாள் சொன்னார். கணவன் மனைவியைப் பிரித்துத்தான் உட்காரவைக்கிறார்கள். நாள் முழுக்க ஒன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்ற நியாயம். என் மனைவிக்குப் பக்கத்தில் எண்பது வயதுத் தாத்தா. எதிரே பேரன் கையை மடியில் வைத்தான். தாத்தாவின் புருவம் ஏறியது. கைகள் மேசைமேல் வந்துவிட்டன. மணிக்கட்டு மேசை விளிம்பில் தெரியவேண்டும், முழங்கை ஏறக்கூடாது. ஆயுதம் ஒளித்துவைக்கவில்லை என்று காட்டிய காலத்துப் பழக்கம் என்று தாத்தா விளக்கம் சொன்னார். முள்கரண்டிகள் பல் கீழே பார்க்கக் கவிழ்ந்திருந்தன. குடும்ப முத்திரையைப் பின்புறத்தில் பொறித்த காலத்திலிருந்து அப்படி.

இடது கைதான் எங்களுக்குப் பெரிய சோதனை. முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில், வாய்க்குப் போவது இடது. ஐம்பது வருடப் பழக்கம் அதற்கு உடன்படுமா? மனைவி கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் பார்த்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் தொடங்கட்டும் என்று தாத்தா தன் கரண்டியைத் தொடாமல் காத்திருந்ததை மட்டும் நான் கவனித்தேன்.

ரொட்டிக்குத் தனித் தட்டு கிடையாது. மேசைவிரிப்பின் மேலேயே வைக்கிறார்கள். கடிப்பதில்லை, வாய்க்கு வேண்டிய அளவு பிய்த்துக்கொள்கிறார்கள். ஒரு ரொட்டி குப்புறக் கிடந்தது. பாட்டி பேச்சை நிறுத்தாமலே அதைத் திருப்பி வைத்தார். அந்தக் காலத்தில் தலைவெட்டும் தண்டனையை நிறைவேற்றுபவனுக்கு ஒதுக்கிய ரொட்டியைத்தான் கடைக்காரர் கவிழ்த்து வைப்பாராம். இன்னமும் அபசகுனம்.

கோழியும் காளானும், கூடவே கிராத்தான். மனைவிக்குக் கத்தரிக்காய், தக்காளி வைத்துத் தனியாக ஒரு பாத்திரம். கிராத்தான் இரண்டாம் சுற்று வந்தது. மனைவி, நம் வழக்கப்படி, போதும் போதும் என்று கையைக் காட்டினாள். அடுத்த விநாடி பாத்திரம் தாத்தாவிடம் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "அத்தை, இங்கே ரெண்டாவது தடவை கேட்க மாட்டாங்க. வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று தமிழில் காதோடு சொன்னாள் அக்கா மகள். ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே நம்புவது இவர்கள் மரியாதை. அதை நம்பாமல் மூன்று முறை வற்புறுத்துவது நம் மரியாதை. எனக்கு நம்முடையதுதான் இன்னமும் பிடிக்கிறது, வயிறு வேறு மாதிரி சொன்னாலும்.

சம்பளம், வீட்டு வாடகை இரண்டையும் கேட்காதீர்கள் என்று வரும் வழியிலேயே எச்சரித்திருந்தாள். மற்றபடி இவர்கள் பேசாத விஷயமே இல்லை. ஓய்வூதிய வயது, தேவாலயம், தேர்தல் எல்லாவற்றுக்கும் சத்தமான வாக்குவாதம். ஆனால் உச்சக்கட்ட சண்டை கிராத்தானில் சீஸ் போடலாமா என்பதற்குத்தான். போட்டால் அது வேறு பண்டம் என்றார் தாத்தா. நான் போட்டுத்தானே இத்தனை வருடம் சாப்பிட்டீர்கள் என்றார் மருமகள். யாரும் கோபித்துக்கொண்டு எழவில்லை. கோப்பைகள்தான் மறுபடி நிரம்பின.

பிறகு பச்சைக் கீரை சாலட். இலையை வெட்டுவதில்லை, கத்தி நுனியால் மடித்துக் கரண்டியில் குத்துகிறார்கள். வினிகர் பட்டு வெள்ளிக் கத்தி கறுத்துப்போன காலத்து விதி, கத்தி மாறியும் விதி மாறவில்லை. அடுத்து சீஸ் பலகை: சன் மார்செலன், கோந்தே, ரொக்ஃபோர். இனிப்புக்கு முன்னால் இது. ஒரு முறைதான் எடுக்கலாம். முக்கோணமாக இருப்பதன் கூர்நுனியை வெட்டி எடுப்பது மகா பாவம், ருசி அங்கேதான். எல்லோருக்கும் நுனியும் ஓரமும் சமமாகக் கிடைக்கும்படி நீளவாக்கில் வெட்டவேண்டும். கடைசியில் சிவந்த பாதாம் மிட்டாய் போட்ட ப்ராலின் தார்த். அதன் பிறகே காப்பி, பால் இல்லாமல். பாலும் காப்பியும் காலையோடு சரி. கடலைமிட்டாயை வீட்டம்மாள் காப்பியோடு கொண்டுவந்து வைத்தார். தாத்தா மூன்று துண்டு சாப்பிட்டார், பல் ஜாக்கிரதை என்று பாட்டி சொல்லச் சொல்ல.

எழுந்தபோது மணி ஐந்து. 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பிரெஞ்சுக்காரர்கள் விருந்துண்ணும் இந்த வழக்கத்தை. எந்தப் பண்டத்தையும் அல்ல. நாலு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அதில் எனக்கு வியப்பில்லை.

திங்கள், லியோன்

பல உணவகங்களுக்கு இன்று விடுமுறை. அக்கா மகளின் அலுவலகப் பக்கம் போனோம். வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களைச் சாப்பிட விடக்கூடாது என்று இங்கே தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில், 2021-இல், தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நிறைய நிறுவனங்கள் உணவுச் சீட்டு கொடுக்கின்றன. அதில் பாதிக்குக் குறையாமல் முதலாளி பங்கு. பன்னிரண்டரைக்குத் தெருவே மேசைகளை நோக்கி நகர்ந்தது, இரண்டு மணிக்கு அதே தெரு காலி. மிச்சமான சாப்பாட்டைக் கட்டித் தரக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். 2021 ஜூலை முதல் டப்பா கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் கேட்டவர் ஒருவரும் இல்லை.

நாளை மார்சேய். மீன் சாற்றை முதலிலும் மீனைத் தனியாகவும் பரிமாறும் பூயாபேஸ் எனக்கு. மனைவிக்கு என்ன என்பதை அக்கா மகள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். "எலும்புச் சாறும் இல்லை, மீன் சாறும் இல்லை" என்பது வரை எனக்கே பிரெஞ்சு புரிகிறது.